நுகர்வோர் என்ற இடத்தில் என் பெயர்

1

இந்தக் கார்த்திகையோடு நான் இங்கிலாந்துக்கு வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. வந்த தேதியை நான் கொண்டாடுவதில்லை, மறப்பதும் இல்லை. அந்த வாரம் வந்தால் மனது கொஞ்சம் கனத்துக் கிடக்கும், அவ்வளவுதான். போன வருடம் அதே வாரத்தில்தான் மின்சாரம் தரும் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் வீட்டு மீட்டர் பழையது, அதை எடுத்துவிட்டு, கணக்கைத் தானே அரை மணிக்கு ஒருமுறை அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்த ஆள் அனுப்புகிறோம், எந்த நாள் வசதிப்படும் என்று கேட்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டு மீட்டர் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் பழைய செருப்புகளும் கிடக்கும் அலமாரிக்குள் இருக்கிறது. அதன்மேல் எனக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் கடிதத்தைப் படித்ததும் வேண்டாம் என்றுதான் தோன்றியது. காரணம் என் வேலை. பிஸ்கெட் பாக்கெட் போடும் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். ஒரு இயந்திரம் நின்றால் அதன் திரை காரணம் கேட்கும். நான் போய் நிற்கும் நேரம், குனியும் நேரம், திருப்புளியைத் தேடி அலையும் நேரம் எல்லாம் அதில் ஏறும். வாரக் கடைசியில் மேலாளர் அதை அச்செடுத்து முன்னால் வைப்பார். செவ்வாய்க்கிழமை பதினோரு நிமிடம் எங்கே போனது என்பார். வீட்டிலாவது யாரும் என்னைக் கணக்கெடுக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் ஒரு பெண். எனக்கு ஒரு டவுட் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அவள் குரல் உடனே இறுகிவிட்டது. எங்களிடம் எதைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று கேட்டாள். நான் கேட்க நினைத்தது கேள்வி. இருபத்தொரு வருடத்துக்குப் பிறகும் கேள்வி என்ற இடத்தில் என் வாயில் டவுட்தான் வருகிறது. பக்கத்தில் இருந்த என் மகள் இனியா போனை வாங்கிப் பேசினாள். பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

"கட்டாயம் இல்லையாம் அப்பா. நம்ம இஷ்டமாம். வேண்டாம்னா எழுதி அனுப்பணும்."

அவளே எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். யோசித்து யோசித்துத் தமிழில் சொன்னாள்: "இது எங்க வீடு. நாங்க எப்ப தூங்கறோம், எப்ப குளிக்கிறோம்னு அரை மணிக்கு ஒரு தடவை யாருக்கும் தெரிய வேண்டாம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் தமிழ்ப் பள்ளி வாசலில், பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னேன். நமக்கென்று ஒரு உரிமை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று பேசினேன்.

ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல, என் நினைவுக்கே அது வரவில்லை. அதற்கு மூன்று வாரம் முன்னால்தான், எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்தில் என் அக்கா குடியிருக்கும் வீட்டுக்கு நான் ஒரு ஸ்மார்ட் மீட்டர் கேட்டுப் பொருத்த வைத்திருந்தேன்.

2

அக்கா பெயர் லோகநாயகி. என்னைவிட ஏழு வயது மூத்தவள். கல்யாணமாகி ஆறாவது வருடம் கணவர் இறந்துவிட, பிள்ளை இல்லாமல் திரும்பி வந்தாள். அப்போதுதான் எங்கள் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. நெல் விளைந்த நிலத்துக்கு வேலி போட்டார்கள், வேலிக்குப் பின்னால் தகரக் கூரைகள் எழுந்தன. கார்களுக்கு ஒயர் செட் கட்டும் கம்பெனி ஒன்றில் அக்கா லைனில் சேர்ந்தாள். நான் ஐ.டி.ஐ. முடித்து ஒரகடத்தில் வேலைக்குப் போனதும், பிறகு அந்தக் கம்பெனியே என்னை இங்கே அனுப்பியதும், அவள் ஓ.டி. என்ற கூடுதல் நேர வேலை பார்த்துப் படிக்க வைத்ததால்தான். பதினெட்டு வருடம் அந்த லைனில் நின்றாள். முழங்கால் தகராறு செய்த பிறகு விட்டுவிட்டு, வேலைக்கு வரும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியின் சமையலறையில் காலை ஷிப்டுக்கு மட்டும் போய்வருகிறாள்.

அப்பா இறந்தபோது வீட்டுக்கு நாங்கள் இருவரும் வாரிசு. தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாக அக்கா கையெழுத்துப் போட்டாள். சொந்தக்காரர்கள் பத்திரத்தை முன்னால் வைத்தார்கள், அவள் போட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். வீட்டுவரி, பட்டா, மின் இணைப்பு எல்லாம் என் பெயருக்கு வந்தன. குடியிருந்தது அவள். கரண்டு பில் கட்டியதும் அவள்தான்.

போன ஐப்பசி மழையில் பக்கத்தில் எங்கோ இடி விழுந்து வீட்டு மீட்டர் கருகிவிட்டது. புதிது போட விண்ணப்பித்தேன். சாதாரண மீட்டரா, ஸ்மார்ட் மீட்டரா, நுகர்வோர் விருப்பம் என்ன என்று அதில் ஒரு கேள்வி. ஊர் நம்பரை நான் இன்னும் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறேன், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். தொழிற்சாலை கேண்டீனில் தேநீர் குடித்துக்கொண்டே ஸ்மார்ட் என்ற கட்டத்தைத் தொட்டேன். ஒரு நிமிட வேலை. அக்காவிடம் போனில், "புது மீட்டர் வருதுக்கா, நல்ல மீட்டர்" என்றேன். "சரிடா" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த ஆப் என் போனில் உட்கார்ந்துகொண்டது. அரை மணிக்கு ஒரு கோடு. நாலரைக்குச் சின்னதாக ஒன்று எழும், அக்கா எழுந்து விளக்குப் போட்டுவிட்டாள். ஐந்துக்கு உயரமாக ஒன்று, மோட்டார். பிறகு மதியம் வரை குளிர்சாதனப் பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருக்கும், அவள் விடுதிக்குப் போய்விட்டாள். மூன்று மணிக்கு மேல் மின்விசிறி, டிவி. இருபது வருடமாக அவளோடு இருக்க முடியாத குறை தீர்ந்தாற்போல இருந்தது எனக்கு. பேருந்தில் போகும்போதும், இயந்திரம் சூடாகக் காத்திருக்கும்போதும் எடுத்துப் பார்ப்பேன்.

ஒருநாள் மதியம் கோடு வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. போன் செய்தேன்.

"இன்னிக்கு வேலைக்குப் போகலையாக்கா? ஏதோ ஹீட்டர் மாதிரி ஓடியிருக்கு?"

"அயன் பண்ணேன்டா. ஏன்?"

"ஒரு மணி நேரமா அயர்ன் பண்ணின?"

"உனக்கு எப்டி தெரியும்?"

"மீட்டர் சொல்லுது" என்று சிரித்தேன்.

அவளும் சிரித்தாள். பிறகு, "இன்னா பண்றேன்னு என்ன கேளுடா, நானே சொல்லப் போறேன். அத்த இன்னாத்துக்குக் கேக்குற?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு ஆணின் நான்கு சட்டைகளை அவள் அன்று தேய்த்தாள் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

3

சித்திரை மாதம், ஒரு வியாழக்கிழமை. காலையில் ஆப்பைத் திறந்தால் கோடே இல்லை. முந்தின நாள் மதியத்திலிருந்து பூஜ்யம். குளிர்சாதனப் பெட்டிகூட ஓடவில்லை. மின்தடையோ என்று பார்த்தேன், இல்லை. அக்காவுக்குப் போன் செய்தால் சுவிட்ச் ஆஃப். விடுதிக்குச் செய்தேன். மூன்று நாள் லீவு சொல்லியிருக்கிறார்கள், ஏன் என்று தெரியாது என்றார்கள்.

எனக்கு அவள் விழுந்துகிடக்கும் படம்தான் மனதில் வந்தது. ஏதோ ஷாக் அடித்து மெயின் விழுந்திருக்கிறது, அவள் குளியலறை ஓரம் கிடக்கிறாள் என்று நானே ஒன்றை உண்டாக்கிக்கொண்டேன். அன்று பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த இனியா நான் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, "அத்தை எங்க போனான்?" என்று கேட்டாள். வேறு நாளாக இருந்தால் திருத்தியிருப்பேன்.

எங்கள் சித்தப்பா மகன் முனுசாமி அடுத்த தெருவில் இருக்கிறான். உடனே போய்ப் பார் என்று அவனை விரட்டினேன். அவன் போய்ப் பார்த்துவிட்டுப் பேசினான்.

"ணா, கதவு சாத்திக்கினு கீது. கூப்ட்டா சத்தமே இல்ல."

அந்தக் கதவில் பூட்டுத் தொங்காது. இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். தனியாக இருக்கிறாள் என்று நான்தான் இரண்டு வருடம் முன்னால் அப்படி மாற்றிக் கொடுத்தேன். உள்ளே இருக்கிறாளா, வெளியே போயிருக்கிறாளா என்று யாராலும் சொல்ல முடியாது.

"உடைச்சிடு" என்றேன்.

கடப்பாரை சத்தத்துக்குத் தெரு கூடிவிட்டது. வீடியோ அழைப்பில் எல்லாவற்றையும் நான் பார்த்தேன். கதவு பெயர்ந்து விழுந்தது. ஏழெட்டுப் பேர் உள்ளே போனார்கள். படுக்கை மடித்து வைத்திருந்தது. கேஸ் மூடியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து துடைத்து, அதன் கதவைத் திறந்து போட்டு, மெயினை அணைத்துவிட்டு, ஒழுங்காகக் கிளம்பிப் போயிருந்தாள். மீட்டர் கருகியதிலிருந்து வெளியே தங்கப் போனால் மெயினை அணைப்பது அவள் வழக்கமாகியிருந்தது. அது எனக்குத் தெரியாது.

கேமராவுக்குள் யாரோ ஒரு பெண்ணின் குரல் மட்டும் கேட்டது: "கம்பெனி பஸ் ஓட்டிக்கினு இருந்தாரே, அந்த டிரைவரு. வல்லக்கோட்டையில கீறாரு. அங்க போய்ப் பாருங்க."

போக வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆள் பத்திரமாக இருக்கிறாள் என்று அப்போதே புரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. முனுசாமியும் இன்னும் மூன்று பேரும் இரண்டு வண்டியில் போனார்கள்.

ஜெபராஜ் என்பவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அக்கா வேலை பார்த்த கம்பெனியின் பேருந்தைப் பல வருடம் ஓட்டியவர். மனைவி இல்லை. வல்லக்கோட்டையில் கோயிலுக்குப் போகிற சாலையில் ஒரு வாடகை வீடு. அந்த வாரம் அவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். அதைச் செய்யத்தான் அக்கா போயிருந்தாள். கையில் மருந்துக் குப்பியோடு கதவைத் திறந்தவளை, தெருவில் நிறுத்தி நான்கு பேரும் கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று முனுசாமி என்னிடம் முழுவதும் சொல்லவில்லை. சொன்ன வரைக்குமே இங்கே எழுதத் தகுந்ததல்ல.

4

அக்கா அன்று சாயங்காலமே போன் செய்தாள். உடைந்த கதவுக்கு முன்னால் நின்று பேசுகிறாள் என்று தெரிந்தது. பின்னால் லாரிகள் போகும் சத்தம் வழக்கத்தைவிடப் பக்கத்தில் கேட்டது.

"இன்னாடா சேகரு, நான் செத்துட்டேன்னு நெனச்சியா?"

"பயந்துட்டேன்க்கா. கோடு வரல. போனும் இல்ல..."

"சார்ஜர எட்த்துக்கினு போக மறந்துட்டேன். அதுக்குக் கதவ ஒடச்சியா?"

ஒரு லாரி கடந்து போகும் வரை பொறுத்திருந்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"நீ கெட்ட எண்ணத்துல செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். வூடு உன் பேர்ல கீது. மீட்டரும் உன் பேர்ல கீது. சரி. நான் எப்ப எழுந்துக்கிறேன், எப்ப பட்த்துக்கிறேன், எப்ப வூட்ல இல்ல, அதும் உன் பேர்லதான் கீதா?"

"அக்கா, அவரைப் பத்தி நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருப்பேன்டா. எனக்கு எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லியிருப்பேன். இப்ப ஊரே சொல்லிட்ச்சி."

அழவில்லை அவள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தச்சர் வந்திருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதன்பின் அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. நான் போன் செய்தால் எடுப்பாள். சாப்பிட்டியா, குழந்தை நல்லா படிக்குதா, இரண்டே கேள்வி. விடுதியில் அவளை நிறுத்திவிட்டார்கள் என்று முனுசாமி சொல்லித்தான் தெரிந்தது. பெண்கள் தங்குகிற இடம், பேச்சு வரக்கூடாது என்றார்களாம். அதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. அந்த மாதம் முழுக்க ஆப்பில் கோடுகள் நாள் முழுவதும் எழுந்துகொண்டே இருந்தன. காரணம் தெரிந்த பிறகு அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் பார்த்தேன்.

ஒரு ஞாயிறு காலை இனியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளோடு நான் அவ்வளவு நேரம் பேசி வெகுநாள் ஆகிறது. எங்கள் பேச்சு இப்போதெல்லாம் கதவோரத்தில் நின்று இரண்டு வரி பேசுவதோடு முடிந்துவிடும். அவள் தமிழில் எனக்குப் பதில் போதாது, என் ஆங்கிலத்தில் அவளுக்குப் பொறுமை போதாது. அன்று உட்கார்ந்து கேட்டாள். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த மீட்டருக்கு அத்தை ஓகே சொன்னாங்களா?"

"அது என் பேர்ல இருக்குற கனெக்‌ஷன்மா. நான்தான் ஓகே சொல்லணும்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில், கோபமில்லாமல், நமக்கு வேண்டாம் என்று நான் எழுதினேனே, அதே கடிதத்தை அத்தை யாருக்கு எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டாள்.

எனக்குத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆவணி மாதத்துக்கு டிக்கெட் எடுத்தேன்.

5

விமான நிலையத்திலிருந்து பிள்ளைப்பாக்கத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. புதுக் கதவைத் தட்டினேன். திறந்து, பையை வாங்கிக்கொண்டு, "குளிச்சிட்டு வா, சாப்ட்லாம்" என்றாள். மெலிந்திருந்தாள்.

மறுநாள் ஜெபராஜ் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். அறுபதைத் தாண்டிய உயரமான மனிதர், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தேய்த்த சட்டை. என்னை அதற்கு முன் பார்த்ததில்லை, ஆனாலும் யார் என்று கேட்கவில்லை.

"வாங்க தம்பி. உள்ள வாங்க. ஒங்க அக்கா ஜாடை அப்படியே இருக்குல்லா."

மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொன்னேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை.

"கதவு சாத்திக் கெடந்தா தட்டுவாவ தம்பி. தொறக்கலைன்னா காத்து நிப்பாவ. அவ்வளவுதான் நமக்குத் தெரிஞ்சது" என்றார். பிறகு, "அவுங்க ரொம்ப ஒடைஞ்சு போயிட்டாவ. எங்கிட்டயும் அதுக்கப்பொறம் ரெண்டு தடவதான் பேசுனாவ" என்றார்.

திரும்பி வந்து அக்காவிடம், மீட்டரை மாற்றிவிடலாம், நாளைக்கே போய் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நான் ரெண்டு தபா போயி கேட்டுட்டு வந்துட்டேன்."

"எங்க?"

"கரண்டு ஆபீசுக்குத்தான். எனக்கு இந்த மீட்டர் வேணா, பழைய மாதிரி ஒண்ணு போடுங்கன்னு. யார் பேர்ல கீதோ அவங்க வந்து கேக்கணும்னு சொல்லிட்டாங்க."

மறுநாள் இருவரும் போனோம். பொறியாளர் ஒரு இளம் பெண். அக்காவை அடையாளம் தெரிந்து நாற்காலி போடச் சொன்னார். பொறுமையாகத்தான் பேசினார்.

"சார், நாங்க யாருக்கும் கட்டாயப்படுத்தி மாட்டல. இது விருப்பப்பட்டவங்களுக்குத்தான். பாருங்க, நுகர்வோர் விருப்பம்னு இருக்குற இடத்துல டிக் இருக்கு. பக்கத்துல உங்க பேர்."

கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். நுகர்வோர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அந்த வீட்டில் இருபது வருடமாகக் குடியிருக்காதவன் பெயர்.

"மேடம், கரண்டை உபயோகிக்கிறது இவங்க. நான் இல்ல."

"புரியுது சார். ஆனா வீட்ல யார் இருக்காங்கன்னு ஃபார்ம் கேக்காது. யார் பேர்ல கனெக்‌ஷனோ அவங்கதான் எங்களுக்கு நுகர்வோர். நீங்க இப்ப எழுதிக் குடுத்தா மாத்திடலாம்."

நான் பேனாவை எடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணா. இப்ப நீ மாத்திக் குடுப்ப. நாளைக்கு வேற ஒண்ணு வரும். அதுக்கும் நீதான் வந்து டிக் அடிக்கணும். நான் உன் வாயப் பாத்துக்கினே ஒக்காந்துக்கினு இருக்கணுமா?"

பொறியாளர் திரையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பேரு மாத்தணும்னா இன்னா வேணும்மா?" என்று அக்கா அவரைக் கேட்டாள்.

வீடு யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பத்திரம் வேண்டும் என்றார்.

வெளியே வந்து மர நிழலில் நின்றோம். கம்பெனி ஷிப்டு விடும் நேரம். ஒரே நிறச் சட்டையில் பெண்கள் பேருந்துகளுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டைக் கொடு என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்காமல் நிற்பதைப் பார்க்க முடியாமல்தான் நான் சொன்னேன்.

"வீட்டை உன் பேருக்கே எழுதிடறேன்க்கா."

"பாதி என்துதான்டா. அத்தயாவது எழுது."

"பாதி உன்து. மீதியும் நீ குடியிருந்த வீடு. முழுசும் எழுதறேன்."

"உன் பொண்ணு கேட்டா?"

"அவதான் என்னை இங்க அனுப்பினா."

முனுசாமி வந்து சண்டை போட்டான். "இன்னா ணா, புத்தி கெட்டுப்போச்சா? இது வூட்டத் தூக்கி அந்த டிரைவர் கைல குட்த்துட்டுப் போவப் போவுது."

அக்கா அடுப்படியில் இருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

"குடுத்தா குடுக்கட்டும். அது வீடு, அது இஷ்டம்" என்றேன். இதை நான் அப்பா இறந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு கதவு மிச்சப்பட்டிருக்கும், ஒரு வேலை மிச்சப்பட்டிருக்கும்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் இரண்டு நாள் போனது. ஒரு நாள் சர்வர் வேலை செய்யவில்லை. இன்னொரு நாள் என் பெயரில் ஒரு எழுத்து பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் ஆதாரில் ஒரு விதமாகவும் இருக்கிறது என்றார்கள். இரண்டு பேரும் நான்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பத்திரம் கைக்கு வந்ததும் அக்கா அதைத் திறந்து, தன் பெயர் எழுதியிருந்த வரியை மெதுவாக ஒருமுறை படித்தாள்.

மின்சார அலுவலகத்துக்கு மறுபடி போனோம். இந்த முறை நான் வராண்டாவிலேயே நின்றுகொண்டேன். சன்னல் வழியாகப் பேச்சுக் கேட்டது. பொறியாளர் விண்ணப்பத்தை அவளிடம் நீட்டி, இரண்டு மீட்டருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். ஸ்மார்ட் மீட்டரை உங்கள் போனிலேயே பார்க்கலாம், வேறு யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம், எந்த நேரம் எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்தால் உங்களுக்கே உபயோகம் என்றார். அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். நடுவில் இரண்டு கேள்வியும் கேட்டாள்.

"யோசிச்சு சொல்லுங்கம்மா. சாதாரண மீட்டர்னா ரீடிங் எடுக்க ஆள் வருவாங்க. நீங்க வீட்ல இருந்து காட்டணும்."

"வரட்டும்மா. யாருன்னு கேட்டுட்டு நான் தெறக்கிறேன்" என்றாள் அக்கா.

குனிந்து டிக் அடித்தாள். நான் போட்டதுபோல ஒரு நிமிடத்தில் முடித்துவிடவில்லை. பெயரை முழுதாக, இன்ஷியலோடு, கட்டம் கட்டமாக எழுதினாள்.

6

நான் இங்கே திரும்பி வந்த இரண்டாவது வாரம், ஆப்பில் இந்த இணைப்பு உங்கள் கணக்கில் இல்லை என்று வந்தது. அழித்துவிட்டேன். பேருந்தில் ஏறினால் கை மட்டும் இன்னும் பாக்கெட்டுக்குப் போகிறது.

தெரியாமல் இருப்பது சுலபமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரில் இருக்கும் உங்களில் பலர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமும் தம்பிகளிடமும் வீட்டின் கேமராவையும் மீட்டரையும் கொடுத்துவைத்திருப்பீர்கள். சிலர் மனதாரக் கொடுத்திருப்பீர்கள். அது உங்கள் விருப்பம். கேட்காமலே எடுத்துக்கொண்டவன் நான், அதனால் எழுதுகிறேன். பாசம் என்றுதான் நானும் அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

விடுதி வேலை அக்காவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பென்னலூரில் ஒரு கேண்டீனுக்குப் போகிறாள் என்று சொன்னாள். முனுசாமி அவளோடு பேசுவதில்லை. தெருவில் சிலர் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார்கள். நான் செய்ததில் எல்லாவற்றையும் ஒரு பத்திரத்தால் சரிசெய்துவிட முடியவில்லை.

போன ஞாயிறு எனக்கு வேலை நாள். கிளம்பும் முன் அக்காவுக்குப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. நம் ஊரில் மழை பலமாக இருக்கிறது என்று செய்தியில் பார்த்திருந்தேன். முனுசாமியின் எண் வரைக்கும் என் விரல் போனது.

இனியா படியில் இறங்கி வந்தாள். "அத்தை எடுக்கலையா?"

"இல்ல."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

அவள் என் மேல்கோட்டை எடுத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்று காலை நான் சரிசெய்த இயந்திரம் எது என்று கேட்டால் எனக்கு நினைவில்லை.

தேநீர் இடைவேளையில் போன் அடித்தது.

"இன்னாடா, ரெண்டு தபா பண்ணியிருக்க?"

"சும்மாதான்க்கா."

எங்கே போயிருந்தாய் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏரி நெரம்பிட்ச்சிடா" என்றாள். "கலங்கல் மேல தண்ணி வழிஞ்சி போவுது. ஊரே நின்னுக்கினு பாக்குது. நாங்களும் போயிருந்தோம்."

போயிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். போயிருந்தோம் என்றாள்.